குழாயைக் கழற்றிக்கொண்டு போன பிறகு

பூட்டிய வீட்டில் பீரோ உடைபட்டால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். தோட்டத்துப் பித்தளைக் குழாய், போர் மோட்டாரின் ஒயர், மொட்டை மாடியில் இருக்கும் கேட் வால்வு, ஏ.சி.யின் காப்பர் பைப் இவையெல்லாம் போனால் பெரும்பாலும் அந்தத் தெருவோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் சின்னச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவரின் வீட்டை அன்றைக்கே முடக்கிப்போடுவது இந்த இரண்டாவது வகைத் திருட்டுதான். காலையில் பல் தேய்க்கத் தண்ணீர் கிடையாது, கழிவறைக்குக் கிடையாது, அடுப்படிக்குக் கிடையாது. கையில் சில ஆயிரம் ரூபாய் மட்டுமே இருக்கும்போது எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதைத் தள்ளிப்போடவே கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

விழுப்புரமும் திண்டிவனமும் இந்தத் திருட்டுக்குத் தோதாக அமைந்துவிட்ட ஊர்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் வேலை பார்த்துக்கொண்டு, இங்கே சொந்த வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். புதுப் புது நகர்களில் நான்கு மனைக்கு ஒரு வீடுதான் எழும்பியிருக்கிறது. இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. மயிலம், வானூர், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்துக் கழனிகளில் மோட்டார் கொட்டகை ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. இதோடு செம்பின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. அந்த விலை உயர்வு நம் ஊர்க் காயலான் கடைத் தராசு வரைக்கும் வந்து சேரும். பழைய இரும்பு கிலோ இருபது முப்பது ரூபாய்க்குப் போகும்போது செம்புக் கம்பிக்குப் பல நூறு ரூபாய் கிடைக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதற்கும் நல்ல விலை. இது நம் மாவட்டத்துக்கு மட்டுமான நோய் இல்லை. பிரிட்டன் 2013-இல் பழைய உலோகம் வாங்குவோருக்கென்று தனிச் சட்டமே போட்டு, ரொக்கம் கொடுத்து வாங்குவதைத் தடுத்தது. தென்னாப்பிரிக்கா 2022 நவம்பர் இறுதியில் பழைய செம்பு ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். போன பொருளையே திரும்ப வாங்கி அதே இடத்தில் மாட்டாதீர்கள். விலை போகும் உலோகம் கைக்கெட்டும் இடத்தில் மறுபடி தொங்கினால் மறுபடி போகும். எடைக்குப் போட்டால் காசு தேறாத பொருளாகப் பார்த்துப் போடுங்கள். உலோகம் கட்டாயம் வேண்டிய இடம் ஒன்றிரண்டு உண்டு. அங்கே மட்டும் போட்டு, கண்ணில் படாமல் புதைத்து வையுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

திருட்டைப் பார்த்தவுடன் மோட்டார் சுவிட்சைப் போட்டுப் பார்க்கத்தான் கை போகும். போடாதீர்கள். ஒயரை வெட்டியவன் எந்த இடத்தில் வெட்டினான், வெட்டிய முனை எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். மோட்டாருக்குத் தனி ஃபியூஸ் இருந்தால் அதைக் கையோடு கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் கிடக்கும் ஒயரைக் காலால்கூட ஒதுக்க வேண்டாம். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரிலேயே கை வைத்திருந்தால் அது மின்வாரியத்தின் வேலை. மின்னகத்தின் 94987 94987 எண் இரவு பகல் எந்நேரமும் எடுக்கும்.

அடுத்தது போரின் வாய். ஒயரையும் பைப்பையும் உருவியவன் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போக மாட்டான். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்து, நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியாமல் போனதைத் தமிழ்நாடே பார்த்தது. கேஸிங் பைப்பின் வாயில் பொருந்தும் மூடியைப் போட்டு, ஸ்க்ரூ வைத்து முடுக்குங்கள். மூடி உடனே கிடைக்கவில்லை என்றால் கருங்கல் பலகையோ கனமான சிமெண்ட் ஸ்லாபோ வைத்து மூடுங்கள். சாக்கைக் கட்டுவது மூடி ஆகாது. இந்த நூலில் எந்த வேலையை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பிறகு தண்ணீர். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனை அறுத்திருந்தால் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும். வால்வு மிச்சமிருந்தால் அடையுங்கள். அதையும் கழற்றிக்கொண்டு போயிருந்தால், மரக்கட்டையைச் சீவித் துணி சுற்றித் தொட்டியின் வாயில் இறுக்குங்கள். தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீர்தான் உங்களுக்கு இன்றைய பொழுது. தெருவில் நகராட்சிக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் முனை திறந்து கிடந்தால் அதையும் எண்ட் கேப் போட்டு அடைக்க வேண்டும். தண்ணீர் விடாத நேரத்தில் அந்த லைன் காலியாகி உள்ளிழுக்கும். பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். மறுநாள் அது உங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, அதே லைனில் இருக்கும் எதிர் வீட்டுக்கும் போய்ச் சேரலாம்.

இவ்வளவும் ஆபத்தை நிறுத்தும் வேலை. மற்ற எதையும் தொடும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறுத்த முனை, காலி இடம், உடைந்த பூட்டு, காலடித் தடம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று எடுங்கள்.

புகார்

‘ஒரு குழாய்க்குப் போய் ஸ்டேஷனுக்கா’ என்று வீட்டிலேயே சொல்வார்கள். போகத்தான் வேண்டும். பொருள் திரும்பும் என்ற நம்பிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. நகராட்சியில் புதிய மீட்டர் கேட்கவும், வீட்டுக்காரரிடம் செலவைப் பேசவும், அடுத்த தெருவில் இதே ஆள் பிடிபடும்போது உங்கள் பொருளையும் சேர்த்துக் கேட்கவும் உங்கள் கையில் ஒரு காகிதம் வேண்டும். மனுவைப் பெற்றதும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது இல்லாமல் வெளியே வராதீர்கள். நேரில் போக முடியாதவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் சாதாரணத் திருட்டுக்கு 303-ஆம் பிரிவு. வீடு, அல்லது பொருளைப் பாதுகாக்கும் கட்டடம் ஒன்றுக்குள் நடந்த திருட்டுக்கு 305-ஆம் பிரிவு. அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. இந்த வேறுபாடு உங்களுக்குப் பயன்படும். 303-இல், போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் தானாக வழக்கை எடுத்து விசாரிக்க முடியாத வகைக்குள் அது போய்விடக்கூடும். அதனால் மனுவில் ‘ஒரு பைப், ஒரு குழாய்’ என்று போகிற போக்கில் எழுதாதீர்கள். எத்தனை அடி, என்ன அளவு, என்ன உலோகம், இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். மதிப்பைக் கூட்டி எழுதவும் கூடாது, வெட்கப்பட்டுக் குறைக்கவும் கூடாது. வீட்டுக்குள்ளிருந்தோ மோட்டார் அறைக்குள்ளிருந்தோ போயிருந்தால் அதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள்.

மனு இவ்வளவு இருந்தால் போதும்: “ஐயா, மேற்கண்ட முகவரியில் உள்ள எனது வீட்டை இந்தத் தேதி மாலை பூட்டிவிட்டு வெளியூர் சென்றிருந்தேன். இந்தத் தேதி காலை வந்து பார்த்தபோது, வீட்டின் பின்புறம் பூட்டியிருந்த மோட்டார் அறையின் பூட்டு உடைக்கப்பட்டு, கீழ்க்கண்ட பொருள்கள் திருடப்பட்டிருப்பது தெரிந்தது. பொருள்களின் விவரமும் இன்றைய மதிப்பும் கீழே தந்துள்ளேன். புகைப்படங்களும் வாங்கிய ரசீதின் நகலும் இணைத்துள்ளேன். வழக்குப் பதிந்து, பொருளைக் கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” முதல் தகவல் அறிக்கை பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. நிலையத்தில் பதிய மறுத்தால், அதே மனுவைப் பதிவுத் தபாலில் விழுப்புரத்தில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப அதே பிரிவு வழி தருகிறது. தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சந்தேகப்படும் நபர் யார் என்று நிச்சயம் கேட்பார்கள். கண்ணால் பார்த்திருந்தால் ஒழிய யார் பெயரையும் சொல்லாதீர்கள். பழைய சாமான் பொறுக்குகிறவர், ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவர், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று விரல் நீட்டுவது மிக எளிது. அதன் விலையை இந்த வட்டாரம் நன்றாக அறியும். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோகப்பட்ட முதனை கிராமத்து ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படை அந்த வழக்குதான். செய்யாத திருட்டுக்காக இருளர் மக்கள் மீது வழக்குப் போடுவதை எதிர்த்துப் போராடிவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. பேராசிரியர் பிரபா கல்விமணி அதை முன்னின்று நடத்தியவர். நூறு அடி ஒயருக்காக ஒரு ஏழைக் குடும்பத்தை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தும் பாவம் நமக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த தடயத்தை மட்டும் சொல்லுங்கள். குளக்கரையில் பிளாஸ்டிக் ஒயர் எரித்த கருகல் கிடந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள். செம்பைப் பிரிக்க ஒயரை எரிப்பார்கள்.

செலவு யாருடையது

வாடகை வீடு என்றால் பர்சைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, பைப் மாற்றுவதையும் ஒயரிங் வேலையையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாயும் குழாய் வாஷரும் குடியிருப்பவர் பொறுப்பு. எனவே தோட்டத்துக் குழாய் போனால் நீங்கள். சுவரோரம் போகும் லைன் போனால் அவர். சட்டத்தை முதலில் எடுத்து வீசாமல், “அண்ணே, நீங்க பைப் வாங்கிக் குடுங்க, ஆள் கூலி இந்த மாசம் நான் பாத்துக்கறேன்” என்று தொடங்குவது பலிக்கும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதை ஒரு குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

தெருவில் இருக்கும் மெயின் பைப்பிலிருந்து வீட்டு எல்லை வரை வரும் இணைப்பை நீங்களே ஒட்ட வேண்டாம். நகரில் நகராட்சி, கிராமத்தில் ஊராட்சிச் செயலரும் டேங்க் ஆபரேட்டரும் அதைப் பார்ப்பார்கள். மீட்டர் போயிருந்தால் சி.எஸ்.ஆர். நகலோடு நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். வங்கிக் கடனில் கட்டிய வீடாக இருந்தால் பாரத் கிருஹ ரக்ஷா என்ற காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது வெறும் திருட்டுக்குக் காசு தராது. ஆனால் வெள்ளம், புயல் போன்ற பேரிடரால் வீடு பாதிக்கப்பட்டு, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடந்த திருட்டு அதில் அடங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அதுபோன்ற நாள்களில் வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்கு இந்த விதி கை கொடுக்கக்கூடியது.

இரண்டு நாள் ஓட்ட

ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். நீல நிற 200 லிட்டர் டிரம் ஒன்றும் அதோடு இரண்டு குடமும் இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும். டேங்கர் லாரிக்குக் காசு கொடுக்கும் முன், பக்கத்து வீட்டு மோட்டாரிலிருந்து ஹோஸ் போட்டு டிரம்மை நிரப்பிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அரை மணி நேரக் கரண்ட் காசை அவர்கள் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். மறுநாளும் கேட்க முகம் இருக்கும்.

மோட்டார் ஒழுங்காக இருந்து, மேலே போகும் பைப் மட்டும் போயிருந்தால், தடிமனான தோட்டத்து ஹோஸைக் கிளாம்ப் போட்டு மோட்டாரில் மாட்டித் தரைமட்டத்து டிரம்மை நிரப்பலாம். அதை மாடிக்கு ஏற்றப் பார்க்காதீர்கள், அழுத்தத்தில் பிய்ந்துகொள்ளும்.

திறந்து கிடந்த லைனில் ஓணானும் மண்ணும் போயிருக்கும். புது லைன் ஒட்டிய பின் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். தொட்டியைக் கழுவி நிரப்பியதும் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். குடிக்கும் தண்ணீரைச் சில நாள் கொதிக்க வையுங்கள்.

மறுபடி லைன் இழுத்தல்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் வீட்டை வரைந்து, லைன் எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை அடி, எங்கே திரும்புகிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு எல்போ, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு டீ. இந்தத் தாள் இல்லாமல் பிளம்பரையே கடைக்கு அனுப்பினால் தேவைக்கு மேல் ஃபிட்டிங் வந்து இறங்கும். அரை நாள் கூலியும் கடைவீதியில் கழியும்.

எல்லா லைனையும் ஒரே நாளில் இழுக்கக் காசு இல்லை என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: மோட்டாரிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து கழிவறை, பிறகு அடுப்படி. குளியலறைக்கு வாளியில் தூக்கிச் சமாளிக்கலாம். வாஷ்பேசின், தோட்டம், வாசல் எல்லாம் அடுத்த மாதச் சம்பளத்துக்கு. ஆனால் அவற்றுக்கான டீயை இப்போதே போட்டு எண்ட் கேப்பால் அடைத்துவிடுங்கள். பின்னால் லைனை அறுத்து டீ சொருகுவதற்கு ஆகும் கூலி, இன்றைக்கு டீ வாங்கும் காசைப்போல் பல மடங்கு.

பச்சைத் தண்ணீர் லைனுக்கு பிளம்பிங் யு.பி.வி.சி. போதும். ஹீட்டரிலிருந்து சுடுநீர் போகும் துண்டுக்கு மட்டும்தான் சி.பி.வி.சி. வேண்டும், வீடு முழுக்க அதைப் போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மரக்காணம் உப்பளக் காற்று அடிக்கும் ஊர்களில் ஜி.ஐ. பைப் எப்படியும் அரித்துப்போகிறது. அங்கே திருட்டு ஒரு வகையில் வேலையை முன்னதாகச் செய்ய வைக்கிறது, அவ்வளவுதான். தொட்டிக்கு ஏறும் லைன் ஒரு இஞ்ச், இறங்கும் மெயின் ஒரு இஞ்ச், கிளைகள் முக்கால், குழாய்க்குப் போகும் கடைசித் துண்டு அரை இஞ்ச் என்பது சின்ன வீட்டுக்குச் சரியான அளவு. கிளைக்கு மெயின் அளவு பைப் போடுவது காசுக்குக் கேடு.

ஒட்டும் வேலையைக் கவனமுள்ள எவரும் செய்யலாம். ஹேக்சாவில் நேராக அறுத்து, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, பைப்பையும் ஃபிட்டிங்கையும் துணியால் துடைத்து, இரண்டிலும் சொல்யூஷன் மெலிதாகத் தடவி, உள்ளே தள்ளிக்கொண்டே கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். சொல்யூஷனை அப்பினால் உள்ளே வழிந்து பைப்பை அடைக்கும். சி.பி.வி.சி.க்கு அதற்குரிய சொல்யூஷனைத்தான் வாங்க வேண்டும். ஒட்டியவுடன் மோட்டாரைப் போடாமல் ஒரு நாள் பொறுத்தால் ஜாயிண்ட் நிற்கும்.

பழைய ஜி.ஐ. துண்டு சுவருக்குள் மிச்சமிருக்கும் இடம்தான் பலரும் சறுக்கும் இடம். இரும்பு மரை வெளிப்பக்கம் இருந்து, அதன் மேல் பிளாஸ்டிக்கை முடுக்கினால் பிளாஸ்டிக் விரிந்து வெடிக்கும். அதனால் இரும்பு முனையில் ஒரு இரும்புக் கப்ளிங் போட்டு, அதற்குள் எம்.டி.ஏ. எனப்படும் பிளாஸ்டிக் மரையைச் சொருகுங்கள். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, கையால் முடுக்கி, ரிஞ்சில் அதற்கு மேல் ஒரு சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

குழாய்க்குப் பித்தளையே வேண்டாம். பாலிமர் குழாய்கள் நூறு ரூபாய் சொச்சத்தில் கிடைக்கின்றன. பித்தளைக்குக் குறைந்தது மூன்று மடங்கு ஆகும். ஃபுட் வால்வு, கேட் வால்வு எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக்கில் மாற்று வந்துவிட்டது. வெயிலில் நிற்கும் பி.வி.சி. சில வருடத்தில் வெளுத்து நொறுங்கும். அதற்கு வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டிங் அடித்தால் ஆயுள் கூடும்.

எர்த்

பிளாஸ்டிக்குக்கு மாறும்போது ஒரு ஆபத்து கூடவே வருகிறது, அதைப் பிளம்பர் சொல்ல மாட்டார். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர் ஜி.ஐ. பைப்பிலோ போரின் இரும்புக் கேஸிங்கிலோ கட்டியிருப்பார்கள். பைப் போனதும் எர்த்தும் போகிறது. விளக்கு எரியும், மிக்ஸி ஓடும், எதுவும் தெரியாது. ஃபிரிட்ஜிலோ ஹீட்டரிலோ மோட்டார் பாடியிலோ கசிவு வரும் நாளில்தான் தெரியும். சில இடங்களில் எர்த்துக்குப் போட்ட செம்புக் கம்பியையே வெட்டிக்கொண்டு போகிறார்கள்.

எனவே பைப் திருட்டு நடந்த ஒவ்வொரு வீட்டிலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் தனி எர்த் குழி போடுங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கி, தலையைச் சிமெண்ட் கட்டிக்குள் மறைத்துவிடுங்கள். மேலே வரும் கம்பிக்குச் செம்பு வேண்டாம். எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பி போதும், அதையும் பி.வி.சி. பைப்புக்குள் விட்டுச் சுவரோடு ஏற்றுங்கள். உலோகம் கட்டாயம் வேண்டும் என்று முன்னே சொன்ன இடம் இதுதான். மெயினில், கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட முடிந்தால், குளியலறைக்குப் புது டைல்ஸ் வாங்குவதைவிட அது முக்கியம்.

மோட்டார் ஒயர்

சப்மெர்சிபிள் ஒயரைப் பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்கும் போர் வாய்க்கும் இடையில்தான் வெட்டுவார்கள். அப்படியானால் உள்ளே தொங்கும் ஒயர் நன்றாக இருக்கும். வெட்டிய இடத்திலிருந்து புதிதாக இழுத்தால் போதும், மோட்டாரை மேலே எடுக்க வேண்டாம். ஆனால் இணைக்கும் முன் உள்ளே இருக்கும் ஒயரையும் மோட்டாரையும் மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலம்கொண்டு இழுத்திருந்தால் கீழே ஜாயிண்ட் அறுந்திருக்கும். ஹெச்.டி.பி.இ. பைப்பில் தொங்கும் மோட்டாரின் கயிற்றையும் வெட்டியிருந்தால், நீங்களே இழுத்துப் பார்க்காமல் போர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே விழுந்த மோட்டாரை எடுக்கும் செலவில் புது மோட்டாரே வாங்கிவிடலாம்.

புது ஒயரைத் தரைமேல் போடாதீர்கள். இரண்டரை அடி ஆழத்தில் பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, மேலே செங்கல் அடுக்கி மூடுங்கள். கழனி மோட்டாராக இருந்தால், ஸ்டார்ட்டரிலிருந்து போர் வரைக்குமான மேல்துண்டுக்கு அலுமினியக் கேபிள் போடலாம். செம்புக்கு வேண்டியதைவிட ஒரு அளவு பெரிதாக வாங்கி, செம்போடு சேரும் இடத்தில் அதற்கென்று விற்கும் லக் வைத்து இணைக்க வேண்டும். வெறுமனே முறுக்கினால் அரித்து எரியும். காசு குறைவு என்று மெல்லிய ஒயரை வாங்குவது மட்டும் கூடாது. வோல்டேஜ் இறங்கி, மோட்டார் காயில் போய்விடும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். அதில் ஒயரிங் களவு போனால் தாங்காது. கதவு ஜன்னல் மாட்டிப் பூட்டு போடும் வரை சுவருக்குள் வெறும் பைப் மட்டும் இருக்கட்டும். ஒயர் இழுப்பதும் குழாய் மாட்டுவதும் குடி போகும் வாரத்துக்கு.

ஏ.சி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காப்பர் பைப் போனால் கேஸ் முழுவதும் போயிருக்கும்; பைப், கேஸ், ஆள் கூலி மூன்றும் சேர்ந்து பெரிய தொகை. இந்தக் கோடைக்கு ஃபேனோடு இருங்கள். போடும்போது வெளி யூனிட்டை மாடிச் சுவரின் உயரத்தில், ஏணியில்லாமல் எட்டாத இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். எதிர் வீட்டிலும் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் உலோகப் பொருள்களில் ஆணியால் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் கதவு எண்ணையும் கீறி, படமெடுத்து வைத்தால், பிடிபட்ட பொருள் குவியலிலிருந்து உங்களுடையதைக் காட்ட முடியும். இல்லாவிட்டால் எல்லாப் பித்தளைக் குழாயும் ஒரே குழாய்தான்.

செலவைக் குறைக்கக் காயலான் கடையில் பாதி விலைக்குப் பழைய குழாயும் ஒயரும் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள். பளபளப்பு மாறாத குழாய் பாதி விலைக்கு வருகிறது என்றால், நேற்று இரவு யாரோ ஒருவர் வீட்டில் தண்ணீர் நின்றிருக்கிறது. அப்படி விற்கும் கடையை நீங்கள் பார்த்தால், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாமல், உங்கள் சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு நிலையத்தில் சொல்லுங்கள்.